ஐவி ஊதிய காகிதப் பை

டிவியில் ஒரு குழந்தை குண்டுச் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. "சாப்பிடற நேரத்துல இது வேற," என்று மரியராஜ் கிரிக்கெட்டுக்கு மாற்றினான்.

உள்ளறையில் 'டப்' என்று சத்தம். பதறி ஓடினான். அவன் மகள் ஐவி, தம்பியின் தொட்டிலருகே காகிதப் பையை ஊதி, தட்டி வெடிக்க வைத்திருந்தாள்.

"கைக்குழந்தை பக்கத்துல என்ன சேட்டை இது?"

"சேட்டை இல்லப்பா. அன்னைக்கு நியூஸ்ல தசரா யானைங்க பக்கத்துல பீரங்கி வெடிச்சாங்களே. அப்படிப் பழக்கினா சத்தத்துக்கு மிரளாது, மைசூர் யானைன்னா சும்மாவான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கு?"

"நாலு நாளா டிவில வர்ற பாப்பாவை யாருமே பழக்கல. அதான் நடுங்குது. நான் தம்பியை தினமும் பழக்கறேன்."

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

"நேத்து அழுதான்பா. இன்னைக்கு அழவே இல்ல."