அறுபதைத் தாண்டாத வண்டி

"டர்போவே போயிருச்சுங்களா மாமா?" கவின் டிரைவர் சீட்டை விட்டு இறங்காமலேயே கேட்டான். "எவ்வளவு மிதிச்சாலும் அறுபதத் தாண்ட மாட்டேங்குது."

மெக்கானிக் வேலுமணி பானெட்டைத் தூக்கினார். பழைய கார் வாங்குகிற நாமக்கல்காரர்கள் பாதிப் பேர் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். இன்று நந்தகுமார் தன் மகன் கவினுக்காகக் கூட்டி வந்திருந்தார். மெக்கானிக் சரியென்றால் வண்டி கைமாறிவிடும்.

"தம்பி வண்டிங்க. அவன் இப்ப ஓட்டறதில்லீங்க," என்றான் விற்கிற தனபால். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"முன்பக்கம் மட்டும் புதுப் பெயின்டா இருக்குதுங்களே?" என்று கேட்டார் வேலுமணி.

"லேசா இடிச்சிருச்சுங்க. எல்லாம் மாத்தியாச்சு." சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீடு அது. வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த தனபாலின் அம்மா முத்தாயம்மாள், கட்டைவிரலில் மாட்டிய கூரான இரும்பு நகத்தோடு அப்படியே வந்து நின்றாள். வந்ததிலிருந்து காரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்ஜின் ஓடும்போது மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்' கேட்டது. வேகம் கூட்டும் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுதான் கசிகிறது என்று நினைத்து, வேலுமணி இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கசிவு பார்க்கும் கைப்பம்பை மாட்டினார். வால்வில் நேராக மாட்டினால் பம்பின் அளவு முள் அசையாமல் நின்றது. அதில் செருகியிருந்த ரப்பர் டியூப்போடு சேர்த்து மாட்டினால் சரசரவென்று இறங்கியது. கசிவு டியூப்பில்தான்.

டியூப்பை உருவித் திருப்பினார். அடிப்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. எலி கடித்தால் பிய்ந்திருக்கும், பழசானால் நீளவாக்கில் வெடித்திருக்கும். வேலுமணியின் பார்வை முத்தாயம்மாளின் கட்டைவிரலுக்குப் போனது. அவள் சட்டென்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. சொன்னால் பெற்ற மகன் முன்னாலேயே அந்த அம்மாவின் மானம் போகும். சொல்லாமல் விட்டால் நம்பிக் கூட்டி வந்தவருக்குத் துரோகம்.

நல்லவேளை, நந்தகுமாரும் தனபாலும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கத் தள்ளிப் போனார்கள். வேலுமணி வெட்டுப்பட்ட நுனியை மட்டும் கத்தரித்துவிட்டு, மிச்ச டியூப்பை வால்வில் இறுக்கினார். ஒரு நிமிஷ வேலை. முத்தாயம்மாள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்கம்மா, சின்னவரு வண்டிய உட மனசில்லீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் இப்படித் தவிப்பதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

"வண்டியக் கொண்டுட்டுப் போவட்டும் சாமி. அந்த டியூப்ப மட்டும் கழட்டி உட்டுருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கவின் சாவியைத் திருப்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். இன்ஜின் உறுமி, டர்போ விசிலடித்தது.

"மாமா, சூப்பர்! இனி பறக்கும் பாருங்க!"

முத்தாயம்மாளின் விரல்கள் வேலுமணியின் மணிக்கட்டை இறுக்கின. கண்கள் அந்தப் பையனின் முகத்திலேயே இருந்தன.

"முன்னால ஒருக்கா இந்த டியூப்பு பிஞ்சு போச்சுங்க. ஒரு மாசம் வண்டி அறுபதத் தாண்டுல. அந்த ஒரு மாசமும் என் சின்ன மகன் பத்திரமா ஊடு வந்து சேந்தான்."

"அப்புறமுங்க?"

"சரி பண்ணிக் குடுத்த அன்னைக்கே வேகமாப் போயி இடிச்சுச் செத்துப்போனானுங்க."