பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படும்

ஒலிப்பதிவில் ஒரு கிழவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். மார்லா விரலில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா, அந்த ஊசி போட்டா இன்னும் ஒரு வருஷம் தாங்குவேன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மன்னிக்கணும் சார், உங்க திட்டத்துல அதுக்கு இடமில்லை” என்றது ஒரு பெண் குரல், நான்காவது முறையாக.

எதிரே கெர்ரி ஹால்வர்சன், தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒமாஹா நகரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர் அவர். பேர், ஊர் எல்லாம் அழித்த பழைய அழைப்பு ஒன்றைக் கேட்க வைப்பதுதான் அவருடைய தேர்வு. கண் கலங்கினால் அப்படியே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்.

மார்லாவுக்கு இது அறுபத்தொன்றாவது விண்ணப்பம். கல்லூரி முடித்து மூன்று வருடம் ஆகியும் ஒரு நாள்கூட எங்கும் வேலை பார்த்ததில்லை. மாதக் கடைசிக்குள் தோழி வீட்டில் படுத்துக்கொள்ளும் சோபாவையும் காலி செய்தாக வேண்டும்.

அவள் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினாள். பதிவில் வீல் என்று ஒரு கெட்டில் விசிலடித்தது. ஹால்வர்சன் முகத்தைச் சுளித்தார். யாரோ ஓடிவந்து அதை இறக்கி வைக்கும் சத்தம். கிழவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பதிவு முடிந்ததும் ஹால்வர்சன் கேட்டார். “பதினெட்டு நிமிஷம் இழுத்திருக்கா நம்ம பொண்ணு. எங்க வெட்டியிருக்கணும்?”

“விசில் அடிச்சப்போ. அவரே பேச்சை நிறுத்திட்டாரு. அந்த இடத்துல நன்றி சொல்லிப் போனை வெச்சிருக்கலாம்.”

“அடி சக்கை!” மேசையைத் தட்டினார். “இவ்வளவு கெட்டிக்காரி மூணு வருஷமா என்ன பண்ணீங்க? தூங்கிட்டிருந்தீங்களா?”

“வீட்டுல இருந்தேன் சார். தூக்கம்தான் சரியா இல்ல.”

“இங்க வந்தா நல்லாத் தூங்கலாம். எனக்கெல்லாம் படுத்த உடனே வந்துரும்.” நியமனத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “அந்தக் கிழவர் லேசுப்பட்ட ஆளில்ல. மேல்முறையீடெல்லாம் போனாரு. முடிவு வர்றதுக்குள்ள கேஸ் தானா முடிஞ்சிருச்சு.”

அவர் சிரித்தார். மார்லாவும் சிரித்து வைத்தாள். தாளில் கையெழுத்திட்டாள்.

“ஒண்ணு மட்டும் புரியல மார்லா. அந்த விசிலுக்குத் துள்ளாத ஆளே இல்ல. நூறு தடவை கேட்ட எனக்கே இன்னும் தூக்கிவாரிப் போடுது. நீங்க மட்டும் முன்னாடியே ஹெட்போனை விலக்கிட்டீங்களே, எப்படி?”

மார்லா பேனாவை மூடி அவரிடம் நீட்டினாள்.

“அந்தக் கெட்டிலை இறக்கி வெச்சது நான்தான் சார்.”