ஆயில் மூடி சொன்ன தூரம்

"டீச்சர், இந்த வண்டி தினம் எவ்வளவு தூரம் ஓடுது?"

மெக்கானிக் ஆயில் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதன் உள்பக்கம் வெண்ணெய் நிறத்தில் ஏதோ திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"போக இருபது கிலோமீட்டர், வர இருபது. வீட்டுக்காரர் ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போறார்."

பதினாலு வருஷத்துப் பழைய கார். ஒரு வாரமாகவே இழுவை இல்லை. 'நானே பார்த்துக்கறேன், நீ போகாத' என்று கணவன் தடுத்தும், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் சாவியோடு கிளம்பி வந்துவிட்டாள்.

"ரேடியேட்டர் தண்ணி உள்ள கசிஞ்சாலும் இப்படி வரும். அப்படின்னா இன்ஜினையே பிரிக்கணும்."

அவள் கைப்பையைத் திறந்து பர்ஸைப் பார்த்தாள்.

மெக்கானிக் ரேடியேட்டருக்குள் காற்றடித்துவிட்டு, அழுத்தம் காட்டும் கருவியின் முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். முள் இறங்கவில்லை.

"கசிவு இல்ல. பயப்படாதீங்க."

"அப்புறம் எப்படி இது?"

"சூடேறதுக்குள்ள வண்டியை நிறுத்தினா, உள்ள இருக்கற ஈரம் ஆயிலோட சேர்ந்து இப்படிப் படியும். ரெண்டு கிலோமீட்டர் போய் நிக்கற வண்டியிலதான் இதைப் பார்த்திருக்கேன்."

"எங்க வண்டி தினம் நாப்பது கிலோமீட்டர்..."

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார். போன முறை ஆயில் மாற்றியபோது கிலோமீட்டர் எழுதிக் கதவோரம் ஒட்டிய சீட்டையும் பார்த்தார்.

"ஆறு மாசத்துல அறுநூறுதான் ஓடியிருக்கு டீச்சர்." சொன்ன பிறகுதான் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது போல. குனிந்து, இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றிப் பிசுக்கை வழிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

கணக்கு டீச்சருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமா? தினம் நாலு. போக ரெண்டு, வர ரெண்டு.

ஆறு மாதமாகக் கணவன் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறான். சட்டையில் வேறு ஏதோ சோப்பு வாசனை. கல்யாணத்துக்கு வராத அப்பாவைத் தலைமுழுகிய நாளிலிருந்து அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். இவனும் கைவிட்டுவிட்டால்?

சாயங்காலம் வண்டி சுத்தமாகி வீடு வந்தது.

"மெக்கானிக் என்ன சொன்னார்?" கணவன் கேட்டான்.

"உள்ள அழுக்கு. எடுத்துட்டார்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை தன் ஸ்கூட்டரில் காரைப் பின்தொடர்ந்தாள். ரெண்டே கிலோமீட்டர். கார் ஒரு சந்துக்குள் திரும்பி, பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன் நின்றது. கணவன் பையிலிருந்து சாவி எடுத்துத் திறந்துகொண்டு உள்ளே போனான். அந்த வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது.

பக்கவாட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம்.

"கையைக் கொஞ்சம் தூக்குங்க. முதுகுக்கு சோப்புப் போட்டுட்டு, கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கறேன். ஃபேக்டரி பஸ் வந்துடும்."

பதிலுக்கு ஒரு கிழக்குரல். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதில் குழறியது. ஆனாலும் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்.

"எம் பொண்ணுகிட்ட எப்ப மாப்பிள்ளை சொல்லப் போறீங்க?"

"சொல்லணும் மாமா. அவளை நினைச்சாத்தான் பயமா இருக்கு."