சுரங்கத்தில் இருபது முட்டுக்கட்டைகள்

மண்ணுக்கடியில் கிழங்கு தோண்டும் சுரங்கம் ஒன்றைப் பெருச்சாளி நடத்திவந்தது. அதில் பங்கு சேர ஆசைப்பட்ட சுண்டெலி, வருஷம் முழுக்கச் சேர்த்த நெல்லை ஒரு பொட்டலமாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நெல்லைக் கொடுக்கும் முன் சுரங்கத்தைச் சோதித்துச் சொல்லப் பல்லியும் கூட வந்தது.

உள்ளே போகப் போக இருட்டு. கூரையை இருபது முட்டுக்கட்டைகள் தாங்கி நின்றன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி களிமண் பூச்சு.

“இதுல உங்க சொந்தக் கட்டை எத்தனை?” என்று பல்லி கேட்டது.

“எல்லாம் நம்மதுதாங்க” என்றது பெருச்சாளி.

பல்லி ஒவ்வொரு கட்டையிலும் பூச்சைச் சுரண்டிப் பார்த்தது. பதினேழில் கரையான்களின் முத்திரை இருந்தது.

“இருபதுல பதினேழு, கரையான்கிட்ட கடன் வாங்கினது.”

பெருச்சாளி சிரிக்கப் பார்த்தது. “நீண்ட காலக் கடன்தானே? பத்து மழைக்காலம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாப் போதும். அதுக்குள்ள பெரிய கிழங்கு அகப்பட்டுடும்.”

“வாங்கி எத்தனை மழைக்காலம் ஆச்சு?” என்று சுண்டெலி கேட்டது.

பெருச்சாளி விரல் விட்டு எண்ணிப் பத்தில் நிறுத்தியது. மேலே வானம் இடித்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. பிறகு, பக்கத்துக் கட்டைக்குள் கறுக் கறுக்கென்று கொறிக்கும் சத்தம் கேட்டது.

சுண்டெலி நெல்லைப் போட்டுவிட்டு ஓடப் பாய்ந்தது. பெருச்சாளி அதன் வாலை அழுத்திப் பிடித்தது.

“ஓடாதீங்கம்மா, மண்ணு அதிரும்” என்று கிசுகிசுத்தது. “என்னோட மூணு கட்டையும் வாசலோட சரி.”