முத்தம் இல்லாத பூசை

சர்ச்சுல உடுப்பு மாத்தற அறையில, பூசைக்கான வெள்ளை அங்கியைத் தலைக்கு மேல தூக்கிட்டேன். அப்பதான் ராஜாவோட காரியக்காரன் கோத்தியே உள்ள வந்தான்.

"அதைக் கழட்டுங்க சாமி. இன்னைக்குக் கறுப்பு."

கறுப்புன்னா செத்தவங்களுக்கு வைக்கிற பூசை. அதுல மட்டும், பகை இல்லைன்னு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கற சமாதான முத்தம் கிடையாது.



நாட்டை விட்டு ஓடிப்போயிருந்த பிஷப் ரெய்னோ, அந்த ஒரு முத்தத்தை நம்பித்தான் திரும்பி வந்திருந்தாரு. சர்ச் நிலம் யாருக்குன்னு அவருக்கும் ராஜாவுக்கும் சண்டை. 'பூசையில முத்தத்துக்கான நேரம் வந்ததும் எல்லார் முன்னாடியும் குடுப்பேன்'னு, புனிதரோட எலும்பு மேல கை வச்சு ராஜா சத்தியம் பண்ணியிருந்தாரு.

குடுத்துட்டா பிஷப்பை எவனும் தொட முடியாது. குடுக்கலேன்னா, அவரை வெட்ட ஆத்துப் பாலத்துல ராஜாவோட ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. கறுப்புப் பூசையில அந்த நேரமே வராது; ராஜாவோட சத்தியமும் உடையாது.

"யாரு செத்தா?"ன்னு கேட்டேன்.

"யாராவது செத்திருப்பாங்க. ஏன், உங்க தீவுல மீனுகூடச் சாகறதில்லையா? யாரு ரொட்டியைத் தின்றீங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

தீவுல இருந்து வந்து ராஜா சம்பளத்துல பூசை வைக்கிறவன் நான்; இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் இல்லை. கறுப்பைப் போட்டுக்கிட்டேன்.

நான் வெளிய வந்ததும் சர்ச் முழுக்க முணுமுணுப்பு நின்னுபோச்சு. ராஜா கண்ணை மூடிக்கிட்டு பக்தியா மண்டி போட்டிருந்தாரு. பிஷப் என் அங்கியைப் பாத்தாரு. ராஜாவைப் பாத்தாரு. லேசாச் சிரிச்சாரு.

எழுந்து ஓடிடுவாருன்னு நெனச்சேன். ஓடலை. ஓடினா, முத்தம் வேண்டாம்னு அவரே போன மாதிரி ஆயிடும்.

செபத்துல, செத்தவங்க பேரைச் சொல்ற எடம் வந்துச்சு. பேரு இல்லாம அதைத் தாண்ட முடியாது. கோத்தியே எனக்கு ஒரு பேரும் சொல்லலை. என் வாய்க்கு வந்ததெல்லாம் அம்மா பேரு, தங்கச்சி பேரு. எல்லாம் ஊர்ல உசிரோட இருக்கறவங்க.

தடுமாறி நின்னுட்டேன்.

பீடத்துக்குப் பக்கத்துலதான் பிஷப் நின்னாரு. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாரு.

"என் பேரைச் சொல்லு தம்பி. சாயங்காலத்துக்குள்ள அது சரியாயிடும்."

'ரெய்னோ'ன்னு கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

சனங்க ஒருத்தரும் ஆமென் சொல்லலை. உசிரோட நிக்கற பிஷப்பைப் பாத்துட்டு, ஒவ்வொருத்தரா ராஜா பக்கம் திரும்பினாங்க.

ராஜா கண்ணைத் திறந்தாரு.