மூடியில் எழுதியிருப்பது

உதிரிபாகக் கடையின் கண்ணாடி மேசைமேல் பவர் ஸ்டீயரிங் ஆயில் புட்டிகள் இரண்டு வெயிலில் மின்னுகின்றன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஆயில் மூடியை அவளுடைய கணவர் கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதில் பொறித்திருப்பதை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். "எல்லாம் ஒண்ணுதான் சார், சிவப்பையே ஊத்துங்க" என்கிறார் கடைக்காரர். "ஏனோதானோன்னு ஊத்தினா பம்பு போயிடும்ங்க. மூடியில போட்டிருக்கறதுதான் ஊத்தணும்" என்று கணவர் பச்சையை எடுத்துக்கொள்கிறார். வலது தோளில் தைலம் மணக்க அவள் பின்னால் நிற்கிறாள். தினமும் அந்தக் காரை வேலைக்கு ஓட்டிப் போகிறவள் அவள்தான். ஸ்டீயரிங் கல்லாட்டம் இருக்கிறதென்று மாதக்கணக்கில் கரடியாய்க் கத்தியிருக்கிறாள். "மெதுவா ஓட்டு, சரியாப் போயிடும்" என்பதற்குமேல் ஒரு பதில் வந்ததில்லை. கடை வாசலிலேயே ஆயிலை ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, ஸ்டீயரிங்கை அவர் ஒற்றை விரலால் சுழற்றுகிறார். "பாத்தியா, பூ மாதிரி திரும்புது. சாயங்காலம் வண்டிய வாங்க வர்றவரு ஓட்டிப் பாப்பாரு. கை வலிக்குதுன்னு அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது." அவள் இடது கையால் பின்கதவைத் திறந்து ஏறிக்கொள்கிறாள்.