எதிர்க்கடை மாதிரி

முப்பத்தொன்பது மணி நேரத்தில் அது ஏழாவது மாற்றம். வேலை தேடிச் செருப்புத் தேய்ந்தது போதுமென்று, சொந்தமாக வலைத்தளம் வடிவமைத்துத் தரத் தொடங்கிய அவளுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"எழுத்தை இன்னும் பெரிசாக்கும்மா."

"இதுக்கு மேல பெரிசாக்கினா கடைப் பேர்ல பாதிதான் தெரியும், சார்."

"என் கடைக்கு வர்றவங்களுக்கு அந்தப் பாதியும் தெரியாதேம்மா." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "அப்புறம் இந்தப் பச்சை வேண்டாம். முதல்ல இருந்த நீலமே இருக்கட்டும்."

பச்சையைக் கேட்டதும் அவர்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நீலத்துக்கு மாற்றினாள்.

"ம்ஹூம், என்னமோ குறையுது. எதிர்க்கடைக்காரன் போன வாரம் வெப்சைட் ஒண்ணு திறந்திருக்கான், பாரு." கடைக்காரர் தன் போனை நீட்டினார். "பெரிய கம்பெனி செஞ்சது. கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுட்டு மேசையெல்லாம் தேடுறாரு பாரு, ஒரு பெரியவர். பார்த்ததுமே சிரிச்சுட்டேன். இப்படி யோசிக்க அனுபவம் வேணும்மா. தப்பா எடுத்துக்காதே, அவங்ககிட்டயே கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"என்னம்மா, அப்படிப் பார்க்கறே?"

"இதைச் செஞ்ச கம்பெனிக்கு நான் இன்டர்வியூ போயிருந்தேன், சார்." அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். "கண்ணாடிக் கடைக்கு ஒரு பக்கம் செஞ்சு காட்டச் சொன்னாங்க. செஞ்சு கொடுத்தேன். அனுபவம் பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க. இந்தப் படத்துல தேடுறது எங்கப்பா."